அண்ணாமலை நகருக்கு இப்போது யார் வருகிறார்கள்?

காலை எட்டே கால் மணி. காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த பேருந்து ஒரு பக்கம் சாய்ந்தபடியே சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குள் திரும்புகிறது. வண்டி நிற்பதற்குள் படிக்கட்டில் தொங்கிய பையன்கள் குதித்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண் பிள்ளைகள் இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், ஈரம் காயாத பின்னலில் ஒரு முழம் கதம்பம். பக்கத்தில் புவனகிரி வண்டி, அதற்குப் பின்னால் கிள்ளை வண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி வந்த சீர்காழி வண்டி. எல்லாவற்றிலிருந்தும் இதே கூட்டம். ஷேர் ஆட்டோக்காரர்கள் "யுனிவர்சிட்டி, யுனிவர்சிட்டி" என்று கூவுகிறார்கள். நான்கு பேர் உட்காரும் இடத்தில் எட்டுப் பேர் ஏறுகிறார்கள். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினால் அண்ணாமலை நகர்.

தண்டவாளத்துக்கு மேற்கே நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் நான்கு தேர் வீதிகளும். கிழக்கே பல்கலைக்கழகம், விடுதிகள், மருத்துவமனை, மரங்கள் கவிந்த சாலைகள். 2011 கணக்கெடுப்பின்படி சிதம்பரம் நகராட்சியில் வசித்தவர்கள் சுமார் 62 ஆயிரம் பேர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. நிர்வாகம்தான் இரண்டு. பிழைப்பு ஒன்று.

ஒரு தலைமுறைக்கு முன்பு ஜூலை மாதத்துக் காலை இங்கே வேறு மாதிரி இருந்தது. ரயிலிலிருந்து தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இறங்குவார்கள். மதுரைக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், மலையாளிகள், ஆந்திரத்துப் பிள்ளைகள், பாட்னாவிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து வந்தவர்கள். விடுதியில் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, நான்கு ஐந்து வருடம் இந்த ஊரிலேயே வாழ்ந்துவிட்டுப் போவார்கள். விடுதிகளில் இன்றும் ஏராளமானோர் தங்கிப் படிக்கிறார்கள். ஆனாலும் ஊரின் நாடித்துடிப்பை இப்போது தீர்மானிப்பது காலை எட்டரை மணிப் பேருந்தும் மாலை ஐந்து மணிப் பேருந்தும்தான். தங்கிப் படிக்கும் ஊர், வந்துபோகும் ஊராக மாறிக்கொண்டிருக்கிறது.

2029 ஜனவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. அந்த நூற்றாண்டை யாருடைய நூற்றாண்டாகக் கொண்டாடப்போகிறோம் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

செட்டிநாட்டுப் பணம், சோழநாட்டு மண்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் அதைத் தொடர்ந்து வந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதையர் முதல்வராக இருந்தார். 1928-இல் சென்னை மாகாணச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. 1929 ஜனவரி முதல் நாள், அந்தக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகமாயின.

மற்ற பல பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்தி, இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாடுதான் சிதம்பரத்தை மாற்றியது. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மட்டும் நிரம்பி வழிந்த ஒரு கோயில் ஊருக்கு, ஆண்டு முழுவதும் இளம் வயதுக் கூட்டம் வந்து சேர்ந்தது.

பெட்டிச் செய்தி: தில்லையின் பள்ளிக்கூட ஆண்டுகள்

1864: யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.
1916: சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.
1920: மீனாட்சி கல்லூரி.
1929: அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.
1941: அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு.
1965: இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் இராசேந்திரன் சுட்டுக்கொல்லப்பட்டார்.
1979: தொலைதூரக் கல்வி தொடக்கம்.
1985: ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி.
2013: பல்கலைக்கழகம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.
2021: மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது.

பாட்டும் பேச்சும்

சேர்ந்து வாழ்ந்ததால் என்ன நடந்தது? தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பகுதி இந்த விடுதி அறைகளில் உருவானது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1940-களின் தொடக்கத்தில் நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே மாணவர்கள். திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழ் ஒரு பக்கம் இங்கே பழகிக்கொண்டிருக்க, மறுபக்கம் பாலதண்டாயுதமும் உமாநாத்தும் இதே வளாகத்திலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார்கள். பகலில் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாதாடினார்கள். அந்த வாதத்துக்கு விடுதி வேண்டியிருந்தது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவனால் இரவு பதினோரு மணி வரை பெரியாரையும் மார்க்சையும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

தமிழ்த்துறையின் கதை இன்னும் விரிந்தது. முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் வந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர். பின்னாளில் 'யாழ் நூல்' எழுதியவர். நாவலர் சோமசுந்தர பாரதியார் இங்கே துறைத்தலைவராக இருந்தார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலை வளர்த்ததும், தேவநேயப் பாவாணர் சில ஆண்டுகள் பணியாற்றியதும் இங்கேதான். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற தனிநாயகம் அடிகள் 1940-களின் பிற்பகுதியில் தமிழ் படிக்க வந்து சேர்ந்த இடமும் இதுதான். யாழ்ப்பாணத்துக்காரர் பள்ளி தொடங்க, மட்டக்களப்புக்காரர் பேராசிரியராக வர, ஈழத்துப் பாதிரியார் மாணவராக வந்து உட்கார என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடல் கடந்து ஓடிய உறவு சிதம்பரத்துக்கு உண்டு. ஊரில் இதைத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அது வருத்தம்.

இசை. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசி கால் மணி நேரம் ஒதுக்கிய காலத்தில், தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெற வேண்டும் என்று 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிப் பேசினார்கள். சென்னையில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே ஆண்டுகளில், 1943-இல், சென்னையிலேயே தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. டைகர் வரதாச்சாரியார் இங்கே கற்பித்தவர். 'நந்தனார்' படத்தில் நந்தனாராகப் பாடி நடித்த தண்டபாணி தேசிகர் பின்னர் இசைத்துறையில் பேராசிரியராக அமர்ந்தார். நந்தன் காத்துக்கிடந்த ஊரிலேயே அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் ஒரு சிதம்பரம் இருந்தது. சிறுகதையாசிரியர் மௌனி தம் பிற்காலத்தை இங்கேதான் கழித்தார். தேடி வந்த இளம் எழுத்தாளர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கோயில் பிரகாரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போவார்கள். 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி மகாசிவராத்திரியை ஒட்டி நாடெங்கிலுமிருந்து ஆடுபவர்களை வரவழைக்கிறது. கோபுர வாயில்களில் 108 கரணங்களும் கல்லில் நிற்கும் ஊரில் ஆடக் கிடைப்பது எந்த நடனக்காரருக்கும் பெரும்பேறு.

இராசேந்திரன் நிற்கும் வாயில்

1965 ஜனவரி 26, இந்தி ஆட்சிமொழியாக வேண்டிய நாள். அதற்கு மறுநாள், ஜனவரி 27, அண்ணாமலை நகர் மாணவர்கள் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. மாணவர் இராசேந்திரன் விழுந்தார். அவருடைய சிலை இன்று பல்கலைக்கழக வாயிலருகே நிற்கிறது. ஆண்டுதோறும் மொழிப்போர் தியாகிகள் நாளை ஒட்டி மாலைகள் விழுகின்றன.

அந்தச் சிலையைக் கடந்துதான் பின்னாளில் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். பொறியியலும் வேளாண்மையும் படிக்க அவர்கள் பெருமளவில் வந்த காலத்தில், கீழவீதிக் கடைக்காரர்கள் தேவைக்கு ஏற்ற இந்தியைத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். பீகார்ப் பையன்கள் "அண்ணா, ஒரு டீ" என்று கேட்கப் பழகினார்கள். உரசல்களும் இருந்தன. சில சமயம் கசப்பாகவே இருந்தன. ஆனாலும், திணிப்பை எதிர்த்து உயிர் கொடுத்த ஊர், வந்த பிள்ளைக்குச் சோறு போடத் தயங்கியதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இன்றைய மொழிச் சண்டைகளில் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே மறைப்பவர்கள் அதிகம்.

மெஸ், லாட்ஜ், ஜெராக்ஸ்

ஒரு மாணவர் ஊருக்குள் வந்தால் யார் யார் பிழைப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மெஸ் நடத்தும் அம்மா. மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்ட ஓய்வுபெற்ற குமாஸ்தா. சைக்கிள் வாடகைக்கு விட்டவர், பின்னாளில் பைக் மெக்கானிக். ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், ஆய்வேடுகளுக்குக் கறுப்பு ரெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அச்சடித்துக் கொடுக்கும் பைண்டிங் கடை. துணி தேய்ப்பவர். முடிவெட்டுபவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக லாட்ஜ்.

லாட்ஜுகளை வாழவைத்தது நேரடியாகப் படித்தவர்களைவிடத் தபாலில் படித்தவர்கள்தான். 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி, வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்க விரும்பிய லட்சக்கணக்கானோருக்கு வழிவிட்டது. பள்ளி ஆசிரியர்கள், காவலர்கள், வங்கி ஊழியர்கள், குழந்தை பிறந்த பிறகு படிப்பைத் தொடர்ந்த பெண்கள். தமிழ்நாட்டில் நடுத்தர வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அவர் வீட்டில் ஒரு 'அண்ணாமலை' பட்டம் இருக்கும். நேர்முக வகுப்புகளின்போது தெற்கு வீதியில் இடம் கிடைக்காது. ஓட்டல்களில் இட்லி காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிடும்.

பணம் அப்படிப் புழங்கியது. ஊரும் அதை நம்பியே கட்டடம் கட்டியது.

பெட்டிச் செய்தி: இட்லிக்குக் கொத்சு

சிதம்பரத்தில் படித்துவிட்டுப் போனவர்கள் ஊரை மறந்தாலும் கொத்சை மறப்பதில்லை. கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்த்து, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவது. சாம்பாரைவிடக் கெட்டி, துவையலைவிட இளக்கம். கோயில் பக்கம் இதற்கு இணை, மிளகும் சீரகமும் நெய்யும் கலந்த சம்பா சாதம். ஓட்டலில் இணை, இட்லி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு. அடுத்த வீட்டுப் பக்குவத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

2013: கணக்கு கேட்ட ஆண்டு

பல்கலைக்கழகம் தன் வருவாய்க்கு மீறி வளர்ந்திருந்தது. ஆசிரியர், அலுவலர் எல்லாமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். 2012 இறுதியில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு கிளம்பியதும் ஊழியர்கள் வீதிக்கு வந்தார்கள். 2013 ஏப்ரலில் அரசு நிர்வாகியாக ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனா நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் சட்டசபை புதிய சட்டம் நிறைவேற்றியது. நிறுவனர் குடும்பத்துக்கு வழிவழியாக இருந்த இணைவேந்தர் உரிமை முடிவுக்கு வந்தது.

அரசு செய்த முதல் வேலை மிகுதியான ஊழியர்களைப் பிரித்து அனுப்புவது. ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாடு முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். வேலை போகாமல் காத்ததற்காக அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு சிறு நகரத்திலிருந்து அத்தனை மாதச் சம்பளம் வெளியேறினால் என்ன ஆகும் என்று யாரும் திட்டமிடவில்லை. கணவன் ஒரு மாவட்டத்தில், மனைவி இங்கே, பிள்ளைகள் பாட்டி வீட்டில் என்று சிதறிய குடும்பங்கள் ஏராளம். கட்டிய வீட்டை விற்கவும் முடியாமல் குடியிருக்கவும் முடியாமல் தவித்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஓய்வூதியத்துக்கும் நிலுவைக்கும் பல்கலைக்கழக வாசலில் பந்தல் போட்டு உட்காருவது வழக்கமான காட்சியாகிப்போனது.

தொலைதூரக் கல்விக்கும் அடி விழுந்தது. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு பகிரங்கமாக எச்சரித்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிப் படித்தவர்கள் பட்ட மனவேதனைக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை. பதவி உயர்வுக்காகப் படித்த ஆசிரியைக்கு, அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்த இளைஞருக்கு, பல்கலைக்கழகமும் மானியக் குழுவும் கடிதம் எழுதிக்கொண்ட தகராறில் என்ன பங்கு இருந்தது?

லாட்ஜ்காரர்களின் நஷ்டம் அதற்கு அடுத்ததுதான். அதுவும் நஷ்டம்தான்.

கட்டணம் இறங்கியது

இங்கே கதை திரும்புகிறது. ஊரில் பலரும் 2013-ஐ வீழ்ச்சியின் தொடக்கமாகவே பேசுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை.

மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அரசின் கைக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கே எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கினார்கள். பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது அப்போது பதினாலாயிரத்தைத் தாண்டவில்லை. அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் எங்கே என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனா காலம். விடுதியை மூடினார்கள், சாப்பாட்டை நிறுத்தினார்கள். மாணவர்கள் தரையில் உட்கார்ந்து, மெழுகுவத்தி ஏற்றி, தட்டேந்தி, ஐம்பது நாளையும் தாண்டி நின்றார்கள். 2021 ஜனவரி இறுதியில் அரசு இறங்கி வந்தது. கல்லூரியும் மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. இன்று அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கட்டணமும் பிற அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு வந்துவிட்டது.

இதோடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைச் சேர்த்துப் பாருங்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பெண், பெற்றோர் ஒரு செண்டு நிலம்கூட விற்காமல், அண்ணாமலை நகரில் டாக்டருக்குப் படிக்க முடிகிறது. முன்பு அவளுடைய தாத்தா இந்த வளாகத்துக்கு நோயாளியாகவோ கட்டடத் தொழிலாளியாகவோதான் வந்திருப்பார். இதைவிடப் பெரிய விளைவு வேறு என்ன வேண்டும்?

கலை, அறிவியல் படிப்புகளிலும் வருவோர் மாறியிருக்கிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். நகரத்துக்காரர்களுக்கு ஆயிரம் ரூபாய் சிறு தொகை. வீராணம் ஏரிப் பாசனத்தில் நடவுக்குப் போகும் தாய்க்கு, மகள் கல்லூரிக்குப் போவதால் வீட்டில் குறையும் கூலியை ஓரளவு ஈடுகட்டும் தொகை. "பொண்ணு படிச்சு என்ன பண்ணப்போவுது" என்று கேட்கும் சித்தப்பனுக்கு அந்த ஆயிரம் ஒரு பதில்.

2021-இல் இன்னொன்றும் நடந்தது. விழுப்புரத்தில் தொடங்கிய புதிய பல்கலைக்கழகத்தை அரசு அண்ணாமலையோடு இணைத்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையின் இணைப்புக் கல்லூரிகளாயின. நிறுவியவர்கள் எந்த முறையைத் தவிர்த்தார்களோ, அந்த முறைக்கே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்திருக்கிறது. இதனால் இந்த மூன்று மாவட்டங்களுக்கும் அண்ணாமலை பொறுப்பேற்கிறது. விடைத்தாள் திருத்துவதிலேயே அதன் பலம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நந்தனார் பள்ளியின் நீண்ட வரிசை

வருபவர் யார் என்ற கேள்வி சிதம்பரத்துக்குப் புதிதில்லை. இந்த ஊரின் மிகப் பழைய கேள்வியே அதுதான். ஆதனூரிலிருந்து வந்த நந்தன் வாசலில் நின்ற கதை தமிழர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையை வேறு விதமாக முடிக்க முயன்றவர் சுவாமி சகஜானந்தர். பல்கலைக்கழகம் தோன்றப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1916-இல், நந்தன் பெயரால் பள்ளி தொடங்கினார். விடுதியும் நடத்தினார். படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சோறும் இடமும் இல்லாவிட்டால் படிப்பு நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டமன்றத்துக்கும் சென்று, 1959-இல் மறையும் வரை இதற்காகவே உழைத்தார்.

அவர் பள்ளியில் எழுத்தறிந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அண்ணாமலை நகரில் முனைவர் பட்டம் செய்கிறார்கள். ஆனால் வெளியில் வாடகைக்கு அறை தேடிப்போகும்போது, வீட்டுக்காரர் முதலில் ஊரைக் கேட்கிறார். அடுத்துத் தெருவைக் கேட்கிறார். தெருவைக் கேட்பது எதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகைக்குப் பின்னாலும் இதே கேள்விதான். அரசு விடுதியில் ஓர் இடம் கிடைக்காமல்போவது எல்லா மாணவருக்கும் சிரமம். சிலருக்கு அது அவமானமும் ஆகிறது. விடுதி அறைகளைப் பழுதுபார்க்கப் பணமில்லை என்று கோப்பில் எழுதுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: கடல் பக்கத்து வகுப்பறை

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலையின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. இந்தியாவின் கடல் அறிவியலாளர்களில் பலர் இங்கே சேற்றில் இறங்கிப் படித்தவர்கள். பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான தில்லை மரத்தை இன்று கோயிலைச் சுற்றித் தேடினால் கிடைக்காது. இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் உடலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணுக்கு ஆபத்து. 2004 சுனாமியின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் சேதம் குறைந்து தப்பியதை மீனவர்கள் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள்.

மாலை நாலரைக்குப் பிறகு

இனி இழப்பைப் பேசலாம். மாலை நாலரைக்கு மணி அடித்ததும் அண்ணாமலை நகரின் சாலைகளில் ஒரு அவசரம் வருகிறது. ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று உறுதியில்லை. மழைக்காலமானால் கிராமத்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒரு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். அதனால் நூலகத்துக்குப் போக நேரமில்லை. சர் சி.பி. ராமசாமி ஐயர் பெயரிலான அந்தப் பெரிய நூலகம், தமிழில் பழைய அச்சு நூல்களைத் தேடி ஆய்வாளர்கள் வெளியூரிலிருந்து வரும் இடம். புவனகிரிப் பெண்ணுக்கு அது மதிய இடைவேளையில் எட்டிப்பார்க்கும் இடம்.

வளாகத்துச் சாஸ்திரி ஹாலில் மாலையில் கச்சேரி நடக்கும். இசைத்துறை மாணவர் அரங்கேற்றம் நடக்கும். நாட்டியாஞ்சலி ராத்திரியில்தான் களைகட்டும். மார்கழித் தேருக்கு முதல் நாள் இரவு வீதிகளில் நடப்பதே ஒரு கல்வி. விவாத மேடை, நாடக ஒத்திகை, திரைப்படக் கழகம், மைதானத்தில் ஆறு மணி வரை ஓட்டம். இவை எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் நெடுஞ்செழியனையும் உமாநாத்தையும் உருவாக்கியதில் இவற்றின் பங்கு வகுப்பறைக்குக் குறைந்ததில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இங்கே படித்த காலத்தில் இவை எல்லாம் கல்விக் கட்டணத்தோடு சேர்ந்தே கிடைத்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வந்ததும் வகுப்பறை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். பட்டம் ஒன்றுதான், வாங்கிக்கொண்டு போவது ஒன்றல்ல.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. பெண்கள் விடுதியான தாமரை இல்லத்தில் தங்கிப் படித்த முந்தைய தலைமுறைப் பெண்களைக் கேட்டால் வகுப்பைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். அறைத்தோழியரைப் பற்றிச் சொல்வது நிறைய. முதன்முதலாகத் தனக்கென்று ஒரு கட்டில், ஒரு அலமாரி, யாருக்கும் சமைக்காமல் கழிந்த ஒரு மாலை. பேருந்தில் வந்துபோகும் பெண் வீட்டுக்குப் போனதும் பாத்திரம் கழுவுகிறாள், தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறாள். இலவசப் பேருந்து அவளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்துவிட்டது. படிக்கும் நேரத்தை அது கொண்டுவந்து தராது.

நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம்

நூற்றாண்டு என்றதும் வளைவு, தோரணம், மலர், தபால்தலை என்று திட்டம் போடுவார்கள். அதெல்லாம் நடக்கட்டும். ஊரில் பேசிப்பார்த்தால் தேவைகள் வேறாக இருக்கின்றன. மூடிக்கிடக்கும் விடுதிக் கட்டடங்களைச் சீர்செய்து, அரசுப் பள்ளியிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு, முதலில் பெண்களுக்கு, அரசு விடுதிக் கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். காலியாகக் கிடக்கும் ஊழியர் குடியிருப்புகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். மெஸ் நடத்த ஊரில் ஆள் இருக்கிறது, ஓடாத மெஸ்களே இருக்கின்றன. மாணவர் தங்கினால் கீழவீதிக் கடைக்காரருக்கும் வியாபாரம் திரும்பும். இடைப்பட்ட காலத்தில் தொலைதூரக் கல்வியில் சிக்கியவர்களின் பட்டங்களுக்கு அரசும் மானியக் குழுவும் உட்கார்ந்து தீர்வு காண வேண்டும். அறை வாடகைக்குச் சாதி கேட்பவர்கள் மீது புகார் கொடுக்கப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் இடம் வேண்டும்.

விடுதி கட்ட நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு, கிள்ளை, பரங்கிப்பேட்டை, கொள்ளிடம் வழித்தடங்களில் இரவு எட்டு மணிக்குப் பல்கலைக்கழக வாயிலிலிருந்தே ஒரு நகரப் பேருந்து கிளம்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாளும், தேர்வுக் காலத்தில் ஒன்பது மணிக்கு இன்னொன்றும். போக்குவரத்துக் கழகப் பணிமனை ஊரிலேயே இருக்கிறது. நூலகத்தை அதற்கேற்ப எட்டு மணி வரை திறந்துவைத்தால், இசைத்துறையின் மாலைக் கச்சேரி ஏழரைக்குள் முடிந்தால், சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் முதலாண்டு மாணவி அதைக் கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதற்கு 2029 வரை பொறுக்க வேண்டியதில்லை. வருகிற பருவத்திலேயே தொடங்கலாம்.